தாத்தாவுக்கு வயது என்ன?

கல்லாவில் கார்டு கேட்டால் கோபப்படலாமா?

2010-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவில் உள்ள இந்தியானா மாநிலம். மாலை நேரம்.

ஒரு பெரிய மளிகைக் கடை. அதற்குள் ஒரு பெரியவர் வருகிறார். வயது 74. தலை பஞ்சாக வெளுத்து இருக்கிறது. காதில் செவிட்டுக் கருவி. கையில் ஊன்றுகோல்.

மறுநாள் அவருக்கும் அவர் மனைவிக்கும் 50-வது கல்யாண நாள். பெரியவர் ரொட்டி எடுத்தார். பால் எடுத்தார். கேக் எடுத்தார். கடைசியில் ஒரு பாட்டில் ஒயினும் எடுத்துக் கொண்டார்.

பில் போடும் இடத்துக்கு வந்தார். கல்லாவில் 22 வயதுப் பெண் நின்று கொண்டிருந்தாள். ரொட்டிக்கு விலை விழுந்தது. பாலுக்கு விழுந்தது. கேக்குக்கும் விழுந்தது.

பாட்டிலைக் காட்டியதும் எந்திரம் நின்று விட்டது! திரையில் ஒரு கேள்வி வந்தது: "வாங்குகிறவர் பிறந்த தேதி என்ன?"

"ஐயா, உங்கள் கார்டைக் காட்டுங்கள்" என்றாள் அந்தப் பெண்.

"என்ன கார்டு அம்மா?"

"வயது தெரிய வேண்டும். கார் ஓட்டும் லைசென்சு இருந்தால் போதும்."

பெரியவர் சிரித்தார். "எனக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை என்று நினைக்கிறாயா?"

"இல்லை ஐயா. இந்த மாதத்தில் இருந்து புதுச் சட்டம். எல்லோரிடமும் கேட்டாக வேண்டும்."

பெரியவரின் சிரிப்பு மறைந்தது. லைசென்சு வீட்டில் இருந்தது. மகள்தான் அவரைக் காரில் அழைத்து வந்திருந்தாள். அவள் வெளியே காரில் காத்துக் கொண்டிருந்தாள்.

"என் மூத்த பேத்திக்கு உன் வயது. என்னிடம் வயதுக்குச் சான்று கேட்கிறாயா?" என்றார் பெரியவர். அவர் குரல் நடுங்கியது.

பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவர் கத்தினார்: "அந்தக் கிழவரை விட்டுவிடு அம்மா! ஏதாவது ஒரு தேதியைத் தட்டு. எந்திரத்துக்கு என்ன தெரியப் போகிறது?"

அந்தப் பெண்ணின் விரல் எழுத்துக் கட்டைமேல் நின்றது.

அவள் என்ன செய்ய வேண்டும்?

சட்டம் கற்பனை அல்ல

இந்தப் பெரியவரும் அந்தப் பெண்ணும் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் சட்டம் கற்பனை அல்ல.

2010 ஜூலை 1-ந்தேதி முதல் இந்தியானாவில், கடையில் மது வாங்கி வீட்டுக்குக் கொண்டு போகும் ஒவ்வொருவரும் வயதுச் சான்று காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 21 வயது வாலிபனும் காட்ட வேண்டும். 91 வயதுப் பாட்டியும் காட்ட வேண்டும்.

இந்தியானா முதல் மாநிலமும் அல்ல. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2007 ஜூலை 1-ந்தேதி டென்னசி மாநிலத்தில் இப்படி ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. அங்கே அது பீர் வாங்கிப் போகிறவர்களுக்கு.

கேட்டால் சிரிப்பு வரும். தலை நரைத்தவரைப் பார்த்து "உமக்கு 21 ஆகிவிட்டதா?" என்று கேட்பதா?

ஆனால் சிரிப்பதற்கு முன்பு, அந்த 21 என்ற எண் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் கண்ணீர் இருக்கிறது.

ஒரு தாயின் கண்ணீர்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. மதுவிலக்கு போனபின், எந்த வயதில் குடிக்கலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்தது. பெரும்பாலான மாநிலங்கள் 21 என்று வைத்தன.

1971-ம் ஆண்டு அங்கே 18 வயதானவர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. உடனே வாலிபர்கள் கேட்டார்கள்: "எங்களுக்கு ஓட்டு உண்டு. வியட்நாம் போருக்கு எங்களை அனுப்புகிறீர்கள். பீர் மட்டும் கூடாதா?"

நியாயமாகத்தான் தோன்றியது. பல மாநிலங்கள் வயது வரம்பை 18 என்றும் 19 என்றும் இறக்கின.

விளைவு? ரோட்டில் ரத்தம்!

ஒரு மாநிலத்தில் 21. பக்கத்து மாநிலத்தில் 18. வாலிபர்கள் காரில் ஏறி எல்லை தாண்டிப் போனார்கள். குடித்தார்கள். அதே காரில் இரவில் திரும்பினார்கள். பலர் வீடு போய்ச் சேரவில்லை. எதிரே வந்தவர்களும் செத்தார்கள்.

1980-ம் ஆண்டு கலிபோர்னியாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி ரோட்டோரம் நடந்து போனாள். குடித்து விட்டு ஒருவன் ஓட்டி வந்த கார் மோதி இறந்தாள். மோதியவன் வயது வந்தவன்தான். இரண்டு நாளைக்கு முன்புதான் வேறொரு விபத்து வழக்கில் அவன் ஜாமீனில் வெளியே வந்திருந்தான்.

அந்தச் சிறுமியின் தாயார் பெயர் கேண்டி லைட்னர். அவர் அழுது கொண்டு மூலையில் உட்காரவில்லை. குடித்து விட்டுக் கார் ஓட்டுவதை எதிர்த்துத் தாய்மார்களைத் திரட்டி, அதே ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினார். ஊர் ஊராகக் கிளைகள் முளைத்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள், குடிக்கும் வயதை மறுபடியும் 21 ஆக்குங்கள் என்று கேட்டார்கள்.

1984 ஜூலை 17-ந்தேதி ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எந்த மாநிலம் 21 என்று வைக்கவில்லையோ, அந்த மாநிலத்துக்கு ரோடு போட மத்திய சர்க்கார் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி வெட்டப்படும் என்றது அந்தச் சட்டம்.

தெற்கு டகோட்டா மாநிலம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1987-ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 1988-க்குள் 50 மாநிலங்களும் 21-க்கு வந்து விட்டன.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. இந்த வயது வரம்பினால் 1975 முதல் 2017 வரை 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின என்று அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகா கணக்கிட்டிருக்கிறது.

ஆகவே கல்லாவில் நிற்கும் பெண் "கார்டு எங்கே?" என்று கேட்பது வெறும் சடங்கு அல்ல. அந்தக் கேள்விக்குப் பின்னால் 30 ஆயிரம் வீடுகள் இருக்கின்றன.

முகம் ஏமாற்றும்

"சரி, வாலிபனைக் கேட்கட்டும். தாத்தாவை ஏன் கேட்க வேண்டும்?"

இது நியாயமான கேள்வி. இதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் பதில் இது:

முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. 17 வயதுப் பையன் தாடி வளர்த்தால் 27 போல இருப்பான். 19 வயதுப் பெண் பூச்சும் பொட்டும் இட்டு, சிகையை மாற்றினால் 29 போல இருப்பாள். 30 வயது ஆகியும் பள்ளிப் பிள்ளை போல இருப்பவர்களும் உண்டு.

அதனால்தான் 21 என்று சட்டம் சொன்னாலும், பல கடைகள் 30 வயதுக்குள் தெரிகிறவர்கள் அனைவரிடமும் கேட்கின்றன. சில கடைகள் 40 என்று வைத்திருக்கின்றன. இன்னும் சில கடைகள், யார் வந்தாலும் கேட்பது என்று வைத்து விட்டன.

இங்கிலாந்திலும் இதே வழிதான். அங்கே 18 வயதானால் மது வாங்கலாம். ஆனால் 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் சான்று கேட்பது என்று கடைகள் 2009 முதல் பழக்கத்துக்குக் கொண்டு வந்தன. ஸ்காட்லாந்து 2011 அக்டோபர் 1-ந்தேதி முதல் அதைச் சட்டமாகவே ஆக்கி விட்டது.

எதற்கு இந்த ஏழு வயது இடைவெளி? கண் தவறு செய்யும். தவறு செய்தாலும் சிறுவன் கையில் பாட்டில் போகக் கூடாது. அதற்காகத்தான்!

கல்லாப் பெண்ணின் கஷ்டம்

கோபப்படும் பெரியவர்கள் ஒன்றை நினைத்துப் பார்ப்பது இல்லை. கல்லாவில் நிற்பவள் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண். சட்டத்தை அவள் எழுதவில்லை.

வயது குறைந்தவனுக்கு அவள் தெரியாமல் விற்று விட்டால் என்ன ஆகும்?

கடைக்கு அபராதம். மது விற்கும் லைசென்சு சில நாள் நிறுத்தப்படலாம். மறுபடி மறுபடி நடந்தால் லைசென்சே போகலாம். பல மாநிலங்களில் விற்ற ஊழியர் மீதே குற்ற வழக்கு வரும். வேலையும் போகும். ஒரு பாட்டில் ஒயினில் அவளுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றும் இல்லை. தண்டனை மட்டும் அவளுக்கு!

போதாததற்கு, போலீசாரே ஆள் அனுப்பிச் சோதிப்பார்கள். வயது குறைந்த ஒருவனைக் கடைக்குள் அனுப்புவார்கள். அவன் பீர் எடுத்துக் கொண்டு கல்லாவுக்கு வருவான். அவள் கேட்காமல் விற்றால் அகப்பட்டுக் கொள்வாள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் இப்படிச் சோதிக்கப் போகிறவனுக்குக் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. அவனுக்கு 20 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும். பார்த்தால் 21-க்குக் குறைந்தவனாகத் தெரிய வேண்டும். கார்டு வைத்திருந்தால், அது அவனுடைய உண்மையான கார்டாக இருக்க வேண்டும். "உனக்கு என்ன வயது?" என்று கல்லாவில் கேட்டால், உண்மையைச் சொல்ல வேண்டும்!

வலை விரிக்க வந்த போலீசுக்கே கல்லாவில் பொய் சொல்ல அனுமதி இல்லை. அந்தப் பெண் "வயது என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தப்பித்துக் கொள்வாள்.

கேட்பதுதான் அவளுக்குக் கவசம். "கார்டு கேட்காதே" என்று பெரியவர் கோபித்துக் கொள்வது, அந்தக் கவசத்தைக் கழற்றி வை என்று சொல்வதற்குச் சமம்.

பெரியவர்களின் நியாயம்

பெரியவர்கள் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது.

வயதானபின் பலர் கார் ஓட்டுவதை விட்டு விடுகிறார்கள். கண் மங்குகிறது, கை நடுங்குகிறது. "இனி ஓட்ட வேண்டாம் அப்பா" என்று பிள்ளைகள் சாவியை வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். லைசென்சைப் புதுப்பிப்பது இல்லை. அது பெட்டியின் அடியில் கிடக்கிறது.

ஒரு நாள் அதை எடுத்துக் கொண்டு கடைக்குப் போனால், "இது காலாவதியாகி விட்டது, செல்லாது" என்று பல கடைகளில் சொல்லி விடுகிறார்கள்.

லைசென்சு காலாவதியாகலாம். வயதுமா காலாவதியாகும்? 5 ஆண்டுக்கு முன்பு 70 வயதாக இருந்தவர் இன்று 20 ஆகி விடுவாரா?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கார் ஓட்டாதவர்களுக்கு அடையாளத்துக்கு மட்டும் என்று மாநில சர்க்கார்களே தனிக் கார்டு கொடுக்கின்றன. ஆனால் அதை வாங்க அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். தள்ளாத வயதில் அதுவும் சிரமம்தான்.

இன்னொரு குறையும் உண்டு. லைசென்சில் பிறந்த தேதி மட்டுமா இருக்கிறது? பெயர், விலாசம் எல்லாம் இருக்கின்றன. அதன் பின்பக்கம் இருக்கும் கோடுகளை எந்திரத்தில் காட்டினால் அத்தனையும் படிக்கப்படும். "ஒரு பாட்டில் வாங்க என் வீட்டு விலாசம் எதற்கு?" என்று கேட்பதில் தவறு என்ன? படித்த விவரங்களைக் கடைகள் சேர்த்து வைக்கக் கூடாது என்று சில மாநிலங்கள் வரம்பு கட்டியிருப்பதும் இதனால்தான்.

இந்தியானாவில் கூக்குரல் எழுந்தது. நரைத்தவர்களை எல்லாம் நிறுத்திச் சான்று கேட்பது கேலிக்கூத்து என்றார்கள் ஜனங்கள். ஓர் ஆண்டுக்குள் சட்டசபை இறங்கி வந்தது. 2011-ல் சட்டம் திருத்தப்பட்டது. பார்த்தால் 40 வயதுக்குள் தெரிகிறவர்களிடம் மட்டும் கேட்டால் போதும் என்று ஆயிற்று.

டென்னசியிலும் பிறகு விதி தளர்ந்தது. பார்த்தாலே 50-க்கு மேல் என்று தெரிகிறவரிடம் கேட்க வேண்டியது இல்லை என்று ஆக்கினார்கள்.

ஒரு சின்னப் பொய்

இப்போது கதையின் முடிச்சுக்கு வரலாம்.

சட்டம் "எல்லோரிடமும் கேள்" என்கிறது. அல்லது கடை முதலாளி அப்படி உத்தரவு போடுகிறார். எந்திரமோ பிறந்த தேதி இல்லாமல் நகராது. எதிரே நிற்பவருக்கோ 74 வயது. கார்டு இல்லை. வரிசை முணுமுணுக்கிறது.

கல்லாவில் நிற்பவர் என்ன செய்கிறார்? விரலுக்கு வந்த ஒரு தேதியைத் தட்டி விடுகிறார். 1950 ஜனவரி 1. எந்திரம் திருப்தி அடைந்து விடுகிறது. பில் வருகிறது. பெரியவர் போய் விடுகிறார்.

யாருக்கு நஷ்டம்? ஒருவருக்கும் இல்லை. பெரியவருக்குச் சந்தோஷம். வரிசைக்குச் சந்தோஷம். கடைக்கு வியாபாரம். வயது 21-க்கு மேல் என்பதும் உண்மை. "இதைப் பொய் என்று சொல்லலாமா?" என்று கேட்பார்கள்.

சொல்லத்தான் வேண்டும்!

எந்திரம் கேட்டது, "இவர் வயதானவரா?" என்று அல்ல. "இவர் பிறந்த தேதி என்ன?" என்று. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதினாள். கணக்கில் பொய் ஏறி விட்டது.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. விரலுக்குப் பழக்கம் ஆகி விடும்!

திங்கட்கிழமை 74 வயதுத் தாத்தாவுக்காக அந்தத் தேதியைத் தட்டுகிறாள். செவ்வாய்க்கிழமை 60 வயது அம்மாளுக்காகத் தட்டுகிறாள். புதன்கிழமை 45 வயதுக்காரருக்கு. வியாழக்கிழமை 35. ஒவ்வொரு தடவையும் அவள் நினைத்தது சரிதான். ஒவ்வொரு தடவையும் ஒருவருக்கும் கெடுதல் இல்லை.

சனிக்கிழமை இரவு. கூட்டம். காலெல்லாம் வலி. தாடி வைத்த ஒருவன் வருகிறான். பார்த்தால் 28 போல இருக்கிறான். விரல் தானாக அதே தேதியைத் தட்டி விடுகிறது.

அவனுக்கு வயது 19. வெளியே காரில் அவனுடைய மூன்று நண்பர்கள் காத்திருக்கிறார்கள்.

தாத்தாவுக்காகத் தட்டிய பொய், பேரனுக்காகவும் தட்டப்பட்டு விட்டது!

"அந்தக் கிழவரை விடு, ஒரு தேதியைத் தட்டு" என்று வரிசையில் நின்று கத்துகிறவர் இந்தச் சனிக்கிழமையைப் பார்ப்பது இல்லை. அவர் நல்லவர்தான். தாத்தாவுக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் ஒரு நேர்மையான பெண்ணைப் பொய்க்குப் பழக்குகிறார்.

"ஆம்" என்று ஒரு பட்டன்

ஜப்பானில் வேறு ஒரு முறை இருக்கிறது. அங்கே மது வாங்க 20 வயது ஆக வேண்டும். 1922-ல் வந்த சட்டம். 2022 ஏப்ரலில் மேஜர் ஆகும் வயதை 20-ல் இருந்து 18-ஆகக் குறைத்தார்கள். ஆனால் குடிக்கும் வயதை மட்டும் 20-லேயே விட்டு வைத்தார்கள்.

அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னக் கடைகளில் பீர் வாங்கினால், வாங்குகிறவர் பக்கம் திரும்பிய திரையில் ஒரு கேள்வி வரும்: "உங்களுக்கு 20 வயது ஆகிவிட்டதா?" அதன்கீழ் ஒரு பட்டன். "ஆம்" என்று தொட வேண்டும்.

80 வயதுத் தாத்தாவும் தொட வேண்டும். அங்கும் பெரியவர்கள் எரிச்சல் படுவது உண்டு. ஆனால் அங்கே பொய் சொல்ல வேண்டிய அவசியம் கல்லாவில் நிற்பவருக்கு இல்லை. சொல்வது வாங்குகிறவர்தான். உண்மையோ பொய்யோ, அது அவருடைய விரல், அவருடைய மனசாட்சி.

இதில் குறையும் இருக்கிறது. 17 வயதுப் பையனும் அதே பட்டனைத் தொடலாமே! பட்டன் அவன் முகத்தைப் பார்க்காது. கடைசியில், எதிரே நிற்கும் மனிதர்தான் பார்த்து, சந்தேகம் வந்தால் சான்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் வாங்குகிறவரே பில் போட்டுக் கொள்ளும் எந்திரங்கள் வந்து விட்டன. கல்லாவில் ஆளே கிடையாது. அங்கே மதுப்பாட்டிலைக் காட்டினால் எந்திரம் நின்று விடும். கடை ஊழியர் ஒருவர் வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் நகரும். கலிபோர்னியா மாநிலம் அதுவும் போதாது என்று நினைத்தது. இப்படிப்பட்ட எந்திரத்தில் மது விற்கவே கூடாது என்று 2011-ல் சட்டம் செய்தது. மது விற்றால், மனிதருக்கு மனிதர் முகம் பார்த்துத்தான் விற்க வேண்டும்!

இது நல்ல புத்தி. எந்திரம் தேதியைச் சரி பார்க்கும். ஆனால் கை நடுங்குகிறதா, கண் திருதிரு என்று விழிக்கிறதா, வேறு ஒருவன் கார்டைக் கொண்டு வந்திருக்கிறானா என்பதை மனிதக் கண்தான் பார்க்க முடியும்.

கார்டு காட்டாத பொய்

கல்லாவில் நேர்மை என்பது விற்கிறவருக்கு மட்டும் அல்ல. வாங்குகிறவருக்கும் உண்டு.

வாலிபர்களில் சிலர் அண்ணன் கார்டைத் திருடிக் கொண்டு வருகிறார்கள். சிலர் போலிக் கார்டு செய்து கொண்டு வருகிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் 21 வயது ஆகாதவர்களுக்கு லைசென்சை நெட்டாக நிற்கும் வாக்கில் அச்சடிக்கிறார்கள். பெரியவர்களுக்குப் படுத்த வாக்கில். பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக!

ஆனால் எந்தக் கார்டும் காட்டாத பொய் ஒன்று உண்டு. அதைச் சொல்கிறவர்கள் பெரியவர்கள்.

கார்டு சரியாக இருக்கும். வயது சரியாக இருக்கும். பாட்டில் மட்டும் வேறு ஒருவனுக்கு! வெளியே நிற்கும் 18 வயது மருமகனுக்கோ, அண்டை வீட்டுப் பையனுக்கோ வாங்கித் தருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். வயது ஆகாதவர்கள் பலருக்கு மது கிடைப்பது பெரியவர்கள் கையால்தான். "பையன் ஆசைப்பட்டான், ஒரு நாள்தானே" என்பார்கள்.

இதற்கு எந்த எந்திரமும் காவல் அல்ல. அந்தப் பெரியவரின் மனசுதான் காவல். "என்னிடம் ஏன் கார்டு கேட்கிறாய்?" என்று கோபிக்கும் உரிமை, இப்படி ஒரு நாளும் செய்யாதவருக்குத்தான் உண்டு.

யார் என்ன செய்ய வேண்டும்?

குடி குடியைக் கெடுக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் விற்பது என்று சர்க்கார் முடிவு செய்தபின், அதை நேர்மையாக விற்க வேண்டும். அதற்கு மூன்று பேர் மனசு வைக்க வேண்டும்.

முதலாவது, சட்டம் செய்கிறவர்கள். நல்லவர்களைப் பொய் சொல்ல வைக்கும் சட்டம் நல்ல சட்டம் அல்ல. இந்தியானா செய்த திருத்தம் அதனால்தான் சரியானது. 40 வயதைத் தாண்டியவர் என்று பார்த்தாலே தெரிந்தால், கேட்காமல் விற்கலாம். அங்கே கல்லாப் பெண் பொய் சொல்லத் தேவை இல்லை. தன் கண்ணால் பார்த்த உண்மையைச் சொன்னால் போதும்.

எல்லோரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதற்கு வேறு காரணம் இருந்தால், அது வேறு விஷயம். யூட்டா மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் மது வாங்கும் அனைவரிடமும் கார்டு பார்க்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிக் குடித்து விட்டுக் கார் ஓட்டித் தண்டனை பெற்றவர்களுக்கு, மது விற்கக் கூடாது என்று கார்டிலேயே குறி போடும் ஏற்பாடு அங்கே உண்டு. அந்தக் குறி முகத்தில் தெரியாது. 70 வயதுக்காரருக்கும் இருக்கலாம். ஆகவே அங்கே எல்லோரிடமும் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இரண்டாவது, கடை முதலாளிகள். எந்திரத்தில் தேதிக்கு மட்டும் இடம் வைக்காமல், "பார்த்தாலே வயதானவர்" என்று தட்டவும் ஒரு பட்டன் வைக்கலாம். அப்போது கணக்கு உண்மையாக இருக்கும். எல்லோரிடமும் கேட்பதுதான் கடையின் கொள்கை என்றால், அதை வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பாட்டிலைத் தூக்கிக் கொண்டு கல்லா வரை வந்தபின் சொன்னால், யாருக்குத்தான் கோபம் வராது?

மூன்றாவது, பெரியவர்கள். கார்டு இருந்தால் எடுத்துக் காட்டி விட்டுப் போக வேண்டியதுதான். அரை நிமிட வேலை. தாத்தா மறுபேச்சு இல்லாமல் காட்டினால், அவருக்குப் பின்னால் நிற்கும் 23 வயது வாலிபனும் முணுமுணுக்காமல் காட்டுவான். அவனுக்குப் பின்னால் நிற்கும் 19 வயதுப் பையன் மெல்ல வரிசையை விட்டு நழுவி விடுவான்!

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கத் தமிழ்நாட்டில் இருந்து போகும் பெற்றோர்களும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது. மகனோடு கடைக்குப் போவார்கள். மகன் வீட்டு விருந்துக்கு ஒரு பாட்டில் வாங்குவான். சில கடைகளில், கூட நிற்கும் எல்லோரிடமும் சான்று கேட்பார்கள். "என்னிடமா கேட்கிறாள்? நான் குடிப்பவன் என்றா நினைத்தாள்?" என்று அப்பா கோபித்துக் கொள்ள வேண்டாம். அவள் அவரைக் குடிகாரர் என்று நினைக்கவில்லை. தன் வேலையைச் செய்கிறாள்.

பெரியவர் என்ன ஆனார்?

இந்தியானாவில், கல்லாவுக்கு முன்னால் நின்ற பெரியவரை அப்படியே விட்டு விட்டு வந்தாயிற்று. அவர் என்ன ஆனார்?

அந்தப் பெண்ணின் விரல் கட்டைமேல் நின்றது அல்லவா? அவள் தட்டவில்லை. கையை எடுத்துக் கொண்டாள்.

"மன்னித்துக் கொள்ளுங்கள் ஐயா. உங்களைப் பார்த்தால் என் தாத்தா மாதிரி இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாத தேதியை நான் எப்படிப் போடுவேன்?" என்றாள்.

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண் கலங்கி இருந்தது. அவருக்குக் கோபம் தணிந்து விட்டது.

"இரு அம்மா" என்று சொல்லி விட்டு, ஊன்றுகோலைத் தட்டிக் கொண்டு வெளியே போனார். காரில் இருந்த மகளை அழைத்து வந்தார். மகளுக்கு வயது 48. அவள் கைப்பையைத் திறந்து தன் லைசென்சை எடுத்து நீட்டினாள். பணமும் கொடுத்தாள்.

எந்திரம் கேட்ட தேதி கிடைத்தது. உண்மையான தேதி!

வெளியே வரும்போது மகள் கேட்டாள்: "அந்தப் பெண்மேல் கோபமா அப்பா?"

"முதலில் இருந்தது. இப்போது இல்லை. என் பேத்தி வேலைக்குப் போனால், அவளும் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார் பெரியவர்.

வயதைக் காட்டச் சொன்னதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. அவருக்காக ஒரு சின்னப் பெண் பொய் சொல்லியிருந்தால், அதுதான் அவமானம்!